கதவு_900

கதவுக்கும் குடும்பம் உண்டு இந்த மென்பொருளில்.
ஃபேமிலி என்றுதான் பெயரே.
அகலம், உயரம், நிலையின் பருமன்,
கண்ணாடி வேண்டுமா என்று டிக் அடிக்க ஒரு கட்டம்.
சுவர்மேல் கொண்டுபோய் வைத்தால்
சுவர் தானே பிளந்து இடம் விடும்.
சுவரை அழித்தால் கதவும் கூடவே போய்விடும்,
ஒரு வார்த்தை பேசாமல்.

தோட்டப்பாளையத்தில் மருந்துக்கடைக்கு மேலே அலுவலகம்.
மே மாதம். ஏ.சி. உண்டு, கரண்ட் இல்லை.
மென்பொருளின் சூரியனை வேலூருக்குத் திருப்பி வைத்திருக்கிறேன்.
மேற்குச் சுவரில் நாலரை மணி வெயில்
அச்சுப் பிசகாமல் விழுகிறது.
சுடவில்லை.

வேலை, ஒரு லாட்ஜ்.
ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு.
நான்கு மாடி, மாடிக்கு ஒன்பது அறை,
அறைக்கு ஒரு ஸ்டவ் மேடை:
மால்டாவிலிருந்தும் அகர்தலாவிலிருந்தும் வருகிறவர்கள்
கடுகு எண்ணெயைக் கையோடு கொண்டுவருவார்கள்,
பத்து நாள் என்று வந்து
மூன்று மாதம் இருப்பார்கள்.

புருஷோத்தமன் சார் போன் செய்தார்.
மாடிக்கு இன்னும் ஒரு ரூம், ஹெப்சி.
நம்பர மாத்துனா போதும்னு நீதானம்மா சொன்ன?

சொன்னேன்தான்.
3300 இருந்த இடத்தில் 2970 அடித்தேன்.
குறைகிற அகலத்தைக் கழிவறையும் கதவும்
பாதிப்பாதி பங்குபோட்டுக்கொள்ளும்;
சூத்திரம் நான் எழுதியது, ஒரு நல்ல நாளில்,
பெருமையாக.
கண் இமைப்பதற்குள்
நாற்பது கதவுகள் 735 ஆயின.
ஒன்றுகூட முனகவில்லை.

போன வருஷம் எதிர் லாட்ஜில்
ஒரு சக்கர நாற்காலி நிலையில் சிக்கி நின்றது.
மனைவி பின்னாலிருந்து தள்ளுகிறார்,
ரூம்பாய் முன்னாலிருந்து இழுக்கிறான்.
கடைசியில் அவரைத் தூக்கி
பிளாஸ்டிக் சேரில் உட்காரவைத்து
நாற்காலியை மடக்கி உள்ளே கொண்டுபோனார்கள்.
அதுவரை அவர்
சாரி, சாரி என்றுகொண்டே இருந்தார்.
எல்லாரிடமும்.
கதவிடமும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

சூத்திரத்தில் ஒரு வரி சேர்த்தேன்.
அகலம் 900க்குக் கீழே போனால்
அறையே உருவாகக் கூடாது.
பிறகு அந்தச் சின்னப் பூட்டை அழுத்தினேன்.

சாஃப்ட்வேர் ஒத்துக்க மாட்டேங்குது சார், என்றேன்.
மறுமுனையில் கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம்.
அத்தனை லட்சம் குடுத்து வாங்குனது,
அது சொன்னா சரியாத்தான் இருக்கும்.
முப்பத்தாறே போடு.

நான் சொல்லியிருந்தால்
நாற்பத்திரண்டு கேட்டிருப்பார்.

டிசம்பரில் சைட்டுக்குப் போனேன்.
நிலைகள் ராணிப்பேட்டையிலிருந்து வந்திறங்கி
நட்டு, பூசி, காய்ந்தும் விட்டன.
டேப்பை வைத்தேன். 840.
இன்னொன்றில் வைத்தேன். 840.
304இல் பூச்சு தடித்துப்போய் 826.
கடையில இருந்த சைசும்மா, என்றார் மேஸ்திரி ஏகாம்பரம்,
வேற என்ன பண்றது என்கிற குரலில்.
இங்கே ஒன்றை மாற்றினால் ஒன்றுதான் மாறும்.
முப்பத்தாறு மாற
முப்பத்தாறு தடவை உளி வேண்டும்.

கீழே மருந்துக்கடையில் வாடகைக்கு விடும் நாற்காலியை
ஒரு மணி நேரத்துக்குக் கேட்டு வாங்கி,
கூலியாட்கள் சிரிக்க, மூன்றாம் மாடிக்கு ஏற்றி,
நானே உட்கார்ந்து உருட்டினேன்.
மற்ற அறைகளில் போகிறது.
304இல் இடது கை முட்டி உரசுகிறது.
கொஞ்சம் தோல்.

கோப்பில் இன்னும் கதவு_900 என்றுதான் இருக்கிறது.
மாற்றவில்லை.

ஏகாம்பரம் உளியை எடுத்தார்.
எந்தப் பக்கம்மா?
இடது, என்றேன்.
உள்ள போறப்பவா, வெளிய வர்றப்பவா?

மென்பொருளில் இதற்கு ஓர் அம்புக்குறி உண்டு;
தொட்டால் திரும்பிக்கொள்ளும்.
நாற்காலியை அறைக்குள்ளேயே சுற்றித் திருப்பி
வாசலைப் பார்த்து உட்கார்ந்தேன்.

வெளிய வர்றப்ப வலது பக்கம், என்றேன்.